கச்சேரி நாளில் வந்த தந்தி

"என்ர தந்தியை ஆரோ எடுத்துப்போட்டினம் அக்கா!"

திங்கட்கிழமை காலை. கண்மணி தபாற்கந்தோரிலிருந்து ஓடி வந்து குசினி வாசலில் நின்றாள். விரித்த குடை நிலைக்கதவில் மாட்டிக்கொண்டதால் உள்ளே வரவும் முடியவில்லை, வெளியே போகவும் முடியவில்லை. அடுப்பில் பருப்பு அவிய விட்டிருந்த சந்திரகாந்தி அக்கா எழுந்து போய்க் குடையை வாங்கி மடக்கி மூலையில் சாய்த்துவிட்டு, "இருந்து சொல்லும்," என்றார். மேசையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த தம்பித்துரை கத்தியைக் கீழே வைத்தான். தந்தி களவு போயிருக்கிறது என்றால் வெங்காயத்தை யார் கவனிக்கப் போகிறார்கள்?

அது 1985 மார்ச் மாதம். மேற்கு ஜெர்மனியில், கொலோனிலிருந்து ரயிலில் முக்கால் மணித்தியாலம் போனால் வரும் ஒரு சின்ன ஊர். அங்கே மூடிக் கிடந்த பழைய விடுதி ஒன்றின் மேல்மாடியில் ஆறு தமிழர்கள் தங்கள் அகதி விண்ணப்பத்துக்குப் பதில் வரும்வரை காத்துக்கொண்டிருந்தார்கள். வேலைக்குப் போகக் கூடாது. மாவட்டத்தை விட்டு வெளியே போகக் கூடாது. ஆகவே ஆறு பேரிடமும் தேவைக்கு மேல் நேரம் இருந்தது. கத்தரிக்கோல் காணாமற் போனாலும் பால் பெட்டி காலியானாலும் வழக்கு சந்திரகாந்தி அக்காவிடம்தான் வரும். அக்கா யாழ்ப்பாணத்தில் தந்தியும் தொலைபேசியும் கையாளும் கந்தோரில் இருபத்திரண்டு வருடம் காதுக் கருவியை மாட்டிக்கொண்டு இருந்தவர். குரலை வைத்தே பொய்யைப் பிடித்துவிடுவார் என்று வீட்டில் ஒரு பேச்சு. அக்கா அதை ஒத்துக்கொள்ள மாட்டார். "குரலில ஒண்டுமில்லை. ஆக்கள் சொல்லுற விசயத்தைக் கவனிச்சாப் போதும்," என்பார்.

தம்பித்துரை கொக்குவிலில் சைக்கிள் கடை வைத்திருந்தவன். அக்காவின் உதவியாளர் பதவியை யாரும் அவனுக்குக் கொடுக்கவில்லை, அவனே எடுத்துக்கொண்டான். அதற்கென்று ஒரு கொப்பியும் வைத்திருந்தான். இப்போது அதை எடுத்து, புதுப் பக்கம் திருப்பி, "ம், சொல்லுங்கோ," என்றான்.

கண்மணி மூச்சு வாங்கிச் சொன்னாள். முத்திரை வாங்கப் போனவளிடம் தபாற்காரர், நேற்று வந்த தந்தியில் நல்ல செய்தியா என்று கேட்டிருக்கிறார். எந்தத் தந்தி என்று இவள் கேட்க, அவர் பதிவைப் புரட்டிக் காட்டியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நாலரை மணி. இந்த வீட்டு வாசல். கண்மணியின் பெயருக்கு வந்த தந்தி. வாங்கிக் கையெழுத்துப் போட்டிருப்பவர் யார் என்று தெரியாது.

"அது அவற்ர தந்திதான் அக்கா. கொழும்புக்கு வந்து பிளேன் ஏறுற நாள் தெரிஞ்சதும் அடிக்கிறன் எண்டு எழுதினவர். எந்த நாள், எந்தப் பிளேன் எண்டு தெரியாமல் நான் என்ன செய்யிறது? கிழக்கு பெர்லினில வந்து இறங்கினால் அவருக்கு ஆர் வழி காட்டுறது? டொச் மொழியில ஒரு சொல்லும் தெரியாத மனிசன்." அவளுடைய கணவன் அசோகன் ஊரை விட்டு வெளிக்கிட எட்டு மாதமாக வழி தேடிக்கொண்டிருந்தான். புதன்கிழமை கண்மணிக்கு டெர்மின் வேறு, அகதி விண்ணப்பத்துக்கான விசாரணை நாள். கேட்கப்போகும் கேள்விகளுக்காகத் தேதிகளையெல்லாம் ஒரு தாளில் எழுதி மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். இனி அந்தத் தாளில் மனம் நிற்குமா?

"ஞாயிறு நாலரைக்கு நாங்கள் ஆறு பேரும் கச்சேரியில எல்லோ இருந்தனாங்கள்?" என்றான் தம்பித்துரை.

அதுதான் சிக்கல். அந்த ஊரில் பிறந்து ஒப்பெராவில் பெயர் எடுத்த ஒரு பாடகி, அகதிகளுக்கு உதவியாக தேவாலய மண்டபத்தில் பாட ஒப்புக்கொண்டிருந்தார். தேவாலயத்தில் தொண்டு செய்யும் பிரவ் பிறென்னர் என்ற அம்மா வீடு தேடி வந்து, ஆறு பேரும் வர வேண்டும் என்று ஆறு விரலைக் காட்டிவிட்டுப் போனார். அந்த அம்மா மனம் நோகக் கூடாதென்று எல்லோரும் தலையாட்டினார்கள்.

அந்தக் கச்சேரியை நினைத்தால் தம்பித்துரைக்குக் காது சுடும். மேடையில் ஒரு கறுப்புப் பியானோ, அதை வாசிப்பவர், ஒரு கிளாஸ் தண்ணீர். வேறொன்றும் இல்லை. நீல உடுப்போடு வந்த அந்த அம்மா பியானோவில் ஒரு கையை வைத்துக்கொண்டு வாயைத் திறந்தார். கடைசிச் சுவர் வரைக்கும் குரல் போய்த் திரும்பி வந்தது. முதற்பாட்டு முடிந்ததும் தம்பித்துரை தன்னை மறந்து படபடவென்று கை தட்டினான். இருநூறு பேர் இருந்த மண்டபத்தில் வேறு ஒரு கைகூட அசையவில்லை. அத்தனை தலைகளும் திரும்பின. பாட்டுகள் எல்லாம் ஒரே கோவையாம். கடைசிப் பாட்டு முடியும் வரைக்கும் கை தட்டக் கூடாதாம். இதையெல்லாம் முன்னமே ஒருவர் சொல்ல வேண்டாமா? பக்கத்தில் இருந்த கண்மணி சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். இந்த நாட்டுக்கு வந்து அவள் சிரித்து அன்றுதான் பார்த்தான். வீட்டுக்கு வந்த பிறகும் அவள் விடவில்லை. குளிர்ப்பெட்டியில் ஒரு கையை வைத்துக்கொண்டு அந்த அம்மாவைப் போலவே பாடிக் காட்டினாள். எல்லோருக்கும் வயிறு நொந்தது. அவளோடு இரண்டு மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லாத இராசலிங்கம் அண்ணைகூட மூலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்காவும் தம்பித்துரையும் தபாற்கந்தோருக்குப் போனார்கள். தபாற்காரர் நல்ல மனிதர், ஆனால் அடையாளம் சொல்லத் தெரியாதவர். "ஒரு ஆண். கறுப்புத் தலைமயிர். உங்களில் ஒருவர்," என்றார். கையெழுத்து வெறும் கிறுக்கல். தந்தியின் பிரதி வேண்டுமென்றால் அதற்கும் ஓர் அன்ராக், விண்ணப்பம், எழுதிக் கொடுக்க வேண்டும், வியாழக்கிழமை வரும். அக்கா விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார். பதிவில் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் சிவப்பு முத்திரை என்ன?

"அவசரம் என்று அனுப்பிய தந்தி. அதனால்தான் ஞாயிறென்றும் பாராமல் மழையில் கொண்டு வந்தேன்."

திரும்பி வரும் வழியில் அக்கா முன்னால் வேகமாக நடந்தார். மழைக்குப் பயந்துதான் என்று தம்பித்துரை நினைத்துக்கொண்டான்.

வீட்டில் இருந்த ஆண்கள் நான்கு பேர். தம்பித்துரையைக் கழித்தால் மூன்று. அவன் கொப்பியில் மூன்று பெயரையும் எழுதி, முதலாவது பெயரின் கீழ் இரண்டு கோடு போட்டான். ராசன். ஞாயிறு இரவு ராசனின் சப்பாத்தில் சேறு ஒட்டியிருந்ததைத் தம்பித்துரை தன் கண்ணால் கண்டிருந்தான். மண்டபத்துக்குள் ஏது சேறு?

அக்கா மூன்று பேரிடமும் தனித்தனியாகப் போனார். எல்லோரிடமும் ஒரே கேள்வி. "அந்த அம்மா எப்பிடிப் பாடினவ?" விசாரணையா இது, இல்லைச் சங்கீத விமர்சனமா என்று தம்பித்துரைக்கு எரிச்சலாக இருந்தது.

ராசன் தலையைச் சொறிந்தான். "நாலு பாட்டுத்தான் கேட்டனான் அக்கா. சிகரட் குடிக்க வெளியில போனன், பிறகு கதவடியில நிண்ட மனிசி உள்ளுக்கு விடேல்லை. பாட்டு நடக்கேக்க கதவு திறக்கக் கூடாதாம். தோட்டத்துக்குள்ள கூரைக்குக் கீழ நிண்டு விறைச்சுப் போனன். கோட்டும் உள்ளுக்கு."

"கேட்டியளோ அக்கா, வெளியில போனவராம்!" என்று தம்பித்துரை துள்ளினான்.

"கடைசியில அவற்ர கோட்டை ஆர் எடுத்துக் குடுத்தது?" என்று அக்கா கேட்டார்.

கொடுத்தது தம்பித்துரைதான். கோட்டு வாங்கி வைக்கும் மேசையில் இரண்டு இலக்கத் தகட்டையும் நீட்டி, ராசனுடையதையும் சேர்த்து வாங்கியவன் அவன்தான். கோட்டில்லாமல் அந்த மழையில் வீட்டுக்கு ஓடி வந்து திரும்பியிருந்தால் ராசனின் சட்டை பிழியப் பிழிய நனைந்திருக்கும். அவன் சட்டை காய்ந்துதான் இருந்தது. கொப்பியில் ராசனின் பெயருக்குக் கீழே போட்ட இரண்டு கோடுகளையும் அடிக்க வேண்டியதாயிற்று.

அடுத்தவர் ஞானசுந்தரம். பூசைப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, "உண்மையைச் சொல்லுறன், நான் நித்திரை. பக்கத்தில இருந்த வெள்ளைக்காரக் கிழவியின்ர தோளில சாய்ஞ்சிட்டன். இவன் கை தட்டினாப் பிறகுதான் முழிச்சனான்," என்றார். இதற்கு வேறு சாட்சி தேவையில்லை. கிழவியின் முகத்தைத் தம்பித்துரையும் பார்த்திருந்தான்.

இராசலிங்கம் அண்ணை அறையில் காலுறை தைத்துக்கொண்டிருந்தார். ஊரில் கூட்டுறவுச் சங்கத்தில் மனேஜராக இருந்தவர். ஆங்கிலம் நன்றாகத் தெரியும், கோபமும் நன்றாக வரும். வெள்ளிக்கிழமை விரதத்துக்கு வைத்திருந்த தாச்சியில் கண்மணி மீன் பொரித்ததிலிருந்து அவளுடைய முகத்தைப் பார்ப்பதில்லை.

"எப்பிடிப் பாடினவவோ? மைக்குக்கு முன்னால நிண்டு கத்தினா. சத்தத்தைக் கூட்டி வைச்சிருந்தாங்கள். தனிய வந்து பின்னுக்கு நிண்ட எனக்குத் தலையிடி வந்து, முடிய முன்னம் வெளிக்கிட்டிட்டன். நீலச் சட்டை. வேற என்ன கேக்கப் போறியள்?" என்றார். அவர்கள் கதவை நெருங்கியபோது, காலுறையைப் பார்த்தபடியே, "அந்தப் பிள்ளை சாப்பிட்டதோ?" என்று கேட்டார்.

"இல்லை," என்றார் அக்கா.

மாடிப்படியில் அக்கா உட்கார்ந்துவிட்டார். "ஆளைத் தெரியும் தம்பித்துரை," என்றார் மெதுவாக. "மேடையில என்னென்ன இருந்தது, சொல்லும்."

"பியானோ. தண்ணி. அந்த அம்மா."

"மைக்?"

தம்பித்துரை கொப்பியைப் புரட்டினான். தன் கையெழுத்திலேயே 'மைக்' என்று இருந்தது.

"உந்த ஒப்பெராக்காரர் மைக் வைக்கிறேல்லை. தொண்டையாலயே மண்டபத்தை நிரப்புவினம். அங்க இருந்த ஒருத்தரும் அதை மறக்கேலாது. எங்கட ஊரில மைக் இல்லாமல் ஆர் கச்சேரி வைச்சவை? கோயிலோ கலியாண வீடோ, முதலில வாறது மைக்தான். இராசலிங்கம் அண்ணை தன்ர மனசில இருந்த கச்சேரியைச் சொன்னவர். நீலச் சட்டை குசினியில எங்கட வாயால கேட்டது."

"அப்ப இப்பவே போய்ப் பிடிப்பம்!"

"பொறும். ஆர் எடுத்தது எண்டு தெரிஞ்சாப் போதாது. அதில என்ன எழுதியிருக்கு எண்டும் யோசிக்க வேணும். நாளைக்கு நான் பிரவ் பிறென்னரைப் பாத்துக் கதைச்சிட்டு வாறன். அதுவரைக்கும் ஒருத்தரிட்டயும் ஒண்டும் சொல்ல வேண்டாம். கண்மணியிட்ட ஒரு சொல்லும் சொல்லாதையும்."

இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருந்தார். பிற்காலத்தில் தம்பித்துரை இந்தச் சொற்களை எத்தனையோ தரம் தனக்குள் சொல்லிப் பார்த்ததுண்டு. அப்போது அவை காதில் விழுந்தன, மண்டையில் ஏறவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை அக்கா குடையை எடுத்துக்கொண்டு பிரவ் பிறென்னர் வீட்டுக்குப் போனார். கண்மணி குசினியில் உட்கார்ந்து அசோகனுக்கென்று வாங்கிய கம்பளிக் காலுறையை மடிப்பதும் விரிப்பதுமாக இருந்தாள். கண் வீங்கியிருந்தது. அதைப் பார்க்க அவனுக்குத் தாங்கவில்லை. அதுவும் உண்மை. ஒரு பெரிய முடிச்சின் அவிழ்ப்பைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை என்பதும் உண்மை. பாதி இரக்கம், பாதி பெருமை. எது எவ்வளவு என்று அவனால் இன்றைக்கும் பிரித்துச் சொல்ல முடியாது.

"எல்லாரும் ஒருக்கால் குசினிக்கு வாங்கோ!" என்று மாடி முழுக்கக் கேட்கக் கூப்பிட்டான்.

வந்தார்கள். ராசன் சுவரில் சாய்ந்தான். ஞானசுந்தரம் கதிரையில் இருந்தார். இராசலிங்கம் அண்ணை வாசலுக்குப் பக்கத்தில் நின்றார். தம்பித்துரை கொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு மேசைக்கு முன்னால் நின்று ஒவ்வொன்றாகச் சொன்னான். சேற்றுச் சப்பாத்து. இலக்கத் தகடு. கிழவியின் தோள். நன்றாகத்தான் சொன்னான். கடைசியில் சற்று நிறுத்தி, "மேடையில மைக் இருந்ததோ?" என்று கேட்டான்.

"மைக்கோ? இல்லை," என்றான் ராசன். ஞானசுந்தரமும் இல்லையென்று தலையாட்டினார்.

"இருந்தது எண்டு ஒருத்தர் சொன்னவர். கச்சேரிக்கே வராத ஒருத்தர்!"

எல்லோரும் இராசலிங்கம் அண்ணையைப் பார்த்தார்கள். அவர் தம்பித்துரையை மட்டும் பார்த்தார். "தம்பி, வாரும், நாங்கள் ரெண்டு பேரும் அறைக்குள்ள போய்க் கதைப்பம்," என்றார். அவர் அப்படித் தணிந்து பேசி யாரும் கேட்டதில்லை.

"ஏன் அறைக்குள்ள? இஞ்சயே கதைப்பம்."

கண்மணி எழுந்தாள். "மீன் பொரிச்சதுக்காகவோ அண்ணை? அதுக்காகவோ எடுத்து வைச்சனீங்கள்?" கோபம் வந்த வேகத்திலேயே போய்விட்டது. இரண்டு கையையும் நீட்டினாள். "பரவாயில்லை, தாங்கோ. எந்த நாள் வாறாராம்?"

அந்தக் கேள்வி கேட்டபோதுதான் படியில் காலடி கேட்டது. அக்கா வாசலுக்கு வந்து ஒரு தரம் எல்லோரையும் பார்த்தார். "தம்பித்துரை, நிப்பாட்டும்," என்றார்.

நிறுத்துவதற்கு இனி என்ன இருந்தது? இராசலிங்கம் அண்ணையின் கை சட்டைப்பைக்குப் போனது. நாலாக மடித்த தாள். அவர் அதை அவளிடம் கொடுக்கவில்லை, மேசையில் வைத்தார். கண்மணி எடுத்து விரித்தாள். ஆங்கிலத்தில் மூன்று வரி. அவளுக்கு அந்தளவு ஆங்கிலம் தெரியும்.

அசோகன் கொழும்புக்கு வரும் வழியில் வவுனியாவில் சனிக்கிழமை இறந்துவிட்டார். கண்மணிக்கு மெதுவாகச் சொல்லவும். அண்ணன்.

அவள் அழவில்லை. தாளைத் திருப்பி மறுபக்கத்தையும் பார்த்தாள். "சனிக்கிழமை," என்றாள். "அப்ப ஞாயிற்றுக்கிழமை நான் அங்க இருந்து சிரிக்கேக்க..."

ஞானசுந்தரம் எழுந்து தன் கதிரையை அவள் பக்கம் நகர்த்தினார்.

"நீங்கள் வந்தவுடன சொல்லத்தான் இருந்தனான் பிள்ளை," என்றார் இராசலிங்கம் அண்ணை. "நீர் குளிர்ப்பெட்டியில கையை வைச்சுக்கொண்டு பாடிக் காட்டினீர். எனக்கு வாய் வரேல்லை. புதன்கிழமை டெர்மின் முடியட்டும், பிறகு சொல்லுவம் எண்டு நினைச்சன்." அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அந்தத் தாச்சி எனக்கு ஒரு பெரிய காரியமில்லை பிள்ளை."

பிறகுதான் கண்மணி அழத் தொடங்கினாள். அக்கா அவளைத் தாங்கிக்கொண்டு அறைக்குப் போனார்.

பின்னேரம் மாடிப்படியில் தம்பித்துரை அக்காவுக்காகக் காத்திருந்தான். "உங்களுக்கு முதலே தெரியுமோ அக்கா?"

"பயந்தனான். பிளேன் நாளைச் சொல்லுற தந்தியை அவசரமெண்டு ஆர் அடிப்பினம்? இருபத்திரண்டு வருசம் அவசரத் தந்தி எடுத்து எழுதினனான், அதில என்ன வரும் எண்டு எனக்குத் தெரியாதோ? எங்கட ஊரில தந்தி வந்தால் பேருக்குரிய ஆளோ வாசிக்கிறது? இங்கிலீசு தெரிஞ்சவர்தான் முதலில வாசிப்பார். இராசலிங்கம் அண்ணை அதைத்தான் செய்தவர். கதைக்காத பிள்ளை சாப்பிட்டதோ எண்டு கேட்டவர், கவனிச்சீரோ?" அக்கா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "டெர்மினை ரெண்டு கிழமை தள்ளப் பிரவ் பிறென்னரைக் கொண்டு கேட்டன். பதில் வர வெள்ளிக்கிழமையாகுமாம். நானும் பிழை விட்டிட்டன். உமக்கு முழுக்கச் சொல்லியிருக்க வேணும்."

அக்கா ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கன்னத்தில் ஒன்று போட்டிருந்தாலும் வாங்கியிருப்பான். அவர் தன் பிழை என்றது அவனை இன்னும் சுட்டது.

புதன்கிழமை கண்மணி டெர்மினுக்குப் போனாள். மனப்பாடம் செய்த தேதிகளையெல்லாம் குழப்பினாள். அவள் ஊரை விட்டு வெளிக்கிடக் காரணமான கைது நடந்த மாதத்தை ஒரு தரம் ஆவணி என்றாள், ஒரு தரம் ஐப்பசி என்றாள். கணவர் எங்கே என்று அதிகாரி கேட்டபோது, "வாறார்," என்று சொல்லிவிட்டுப் பிறகு இல்லையென்று தலையாட்டினாளாம். மொழிபெயர்ப்பாளர் இரண்டையும் எழுதிக் கொடுத்தார். ஒன்றுக்கொன்று முரணான பதில்கள் என்று அதிகாரி கோப்பில் குறித்துக்கொண்டதைக் கூடப் போயிருந்த அக்கா பார்த்தார்.

வியாழக்கிழமை காலை வாசல் மணி அடித்தது. தம்பித்துரை இறங்கிப் போனான். தபாற்காரர் நின்றார். சொன்ன நாள் தப்பாமல் தந்தியின் பிரதி வந்திருந்தது, முத்திரையோடு, உறையில். கையெழுத்துப் போடச் சொல்லிப் பேனையை நீட்டினார்.

அவன் பேனையைக் கையில் வைத்துக்கொண்டு அந்த உறையைப் பார்த்தான். வியாழக்கிழமை தானாகவே வந்திருக்கிறது. டெர்மின் முடிந்து ஒரு நாளைக்குப் பிறகு. இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் போதும். ஒன்றும் கண்டுபிடித்திருக்க வேண்டாம். அவன் அவசரமாகப் பெயரை எழுத, பதிவேட்டில் அது வெறும் கிறுக்கலாக விழுந்தது.

படியேறி வந்தபோது குசினியில் கண்மணி அடுப்புக்கு முன்னால் நின்றாள். இரண்டு நாளைக்குப் பிறகு அன்றுதான் குசினிக்கு வந்து ஒரு வாய் தேத்தண்ணீர் போட்டுக்கொண்டிருந்தாள். மேசையில் இராசலிங்கம் அண்ணை வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"ஆர் அண்ணை மணி அடிச்சது?" என்று தம்பித்துரையின் காலடி கேட்டு அவள் திரும்பாமல் கேட்டாள்.

தம்பித்துரை உறையை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தான்.

"ஒருத்தருமில்லை," என்றான்.

இராசலிங்கம் அண்ணை நிமிர்ந்து அவன் சட்டைப்பையைப் பார்த்தார். பிறகு இன்னொரு கத்தியை எடுத்து அவன் பக்கம் தள்ளிவிட்டு, வெங்காயத்தைத் தொடர்ந்து உரித்தார்.